தங்கைக்கு எச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கும் சோதனை எடுக்க வேண்டுமா?

தறிச்சத்தம்:

வணக்கம். பெயர் வேண்டாம். குமாரபாளையம் பக்கம் நாலு தறி ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 35 வயது. மாப்பிள்ளை திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். சத்தீஸ்கர், ஒடிசா என்று போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். போன ஆடியில் இறந்துவிட்டார். நுரையீரலில் டிபி, மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வேறு ஏதாவது சோதனை எடுத்தார்களா, எடுத்தும் அவர் சொல்லாமல் விட்டாரா, தெரியவில்லை.

இப்போது தங்கைக்குக் கழுத்தில் நெறிகட்டி, நெல்லிக்காய் அளவு. ஜி.எச்.சில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்து அதுவும் டிபிதான் என்றார்கள். டிபி என்றால் எச்.ஐ.வி.யும் பார்ப்பது வழக்கமாம். பார்த்தார்கள். பாசிட்டிவ். வேறு வேறு கிட்டில் மூன்று முறை பார்த்தும் அதேதான். அங்கிருந்த கவுன்சிலர் அம்மா, "பிள்ளைகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தங்கை ஒரே பிடியாக இருக்கிறாள். "எனக்கு வந்தது என்னோடு போகட்டும்ண்ணா, பிள்ளைகளை இதுக்குள்ள இழுக்காதே" என்கிறாள்.

பெரியவளுக்கு 14, ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் அம்மா வீட்டில்தான் வளர்கிறாள், நோய் நொடி எதுவும் இல்லை. அடுத்தவனுக்கு 9. கபடி ஆடுகிற பையன், காய்ச்சல் என்று படுத்ததே கிடையாது. சின்னவளுக்கு 11 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். எடை கொஞ்சம் கம்மி. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, துடைத்தால் போவதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். சின்னவள் வயிற்றில் இருந்தபோது மூன்றாம் மாதத்தில் எடுத்த சோதனை தாய் சேய் நல அட்டையில் இருக்கிறது. நெகட்டிவ் என்று முத்திரையே குத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்றுதானே அர்த்தம்? நன்றாக ஓடியாடுகிற பெரிய பிள்ளைகளுக்கு எதற்கு ஊசி? பெரியவளிடம் என்னவென்று சொல்லிக் கூட்டிப்போவது?

இன்னொன்று. தங்கை பையனும் என் பையனும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். என் வீட்டுக்காரி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாக டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறாள்.

செவ்வந்தி:

தம்பி, நான் ஒரு நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கு ஆலோசனை சொல்லிச் சோதனை செய்கிற அரசு மையத்தில், ரொம்ப வருஷம் கவுன்சிலராக இருந்தவள். இப்போது வேலையில் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டம்ளர். எச்சில், தட்டு, கட்டிப்பிடித்துத் தூங்குவது, கபடியில் முட்டிக்கொள்வது, எதிலும் ஒட்டாது. உங்கள் வீட்டுக்காரியையும் ஒருநாள் கவுன்சிலர் முன்னால் உட்கார வையுங்கள். புருஷன் சொன்னால் மனைவிக்கு நம்பிக்கை வராது. மூன்றாம் மனுஷர் சொன்னால் டம்ளர் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இனி பிள்ளைகள். கைக்குழந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது.

அட்டையில் இருக்கிற முத்திரை, ரத்தம் எடுத்த அந்த நாளைக்கான பதில். அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஊருக்கு வந்து போயிருப்பார் இல்லையா? கர்ப்பத்தின் பின்பாதியிலோ, குழந்தை பிறந்த பிறகோ உங்கள் தங்கைக்குக் கிருமி வந்திருந்தால் அட்டைக்கு அது தெரியாது. புதிதாகத் தொற்றிய முதல் சில மாதங்களில் ரத்தத்திலும் பாலிலும் கிருமி மிக அதிகமாக இருக்கும். முன்பே தெரிந்து மாத்திரை சாப்பிடுகிற தாயிடம் பால் குடிக்கிற குழந்தையைவிட, இப்படித் தெரியாமலே பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து பல மடங்கு. அதனால் அந்த முத்திரை சின்னவளுக்குப் பாதுகாப்பு இல்லை. "நெகட்டிவ்தானே" என்று எல்லோரும் அசந்துவிடுவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

நாக்கில் வெள்ளை, எடை ஏறவில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்புண் எந்தக் குழந்தைக்கும் வரும், பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் தாய் பாசிட்டிவ் என்று தெரிந்த வீட்டில் அதை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. மருந்தே இல்லாமல் விட்டால், கிருமியோடு இருக்கிற குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. மருந்து ஆரம்பித்துவிட்டால் கதையே வேறு. குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற டொலுடெக்ராவிர் மாத்திரையே வந்துவிட்டது. 2017இலிருந்து சி.டி.4 (ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்களின் எண்ணிக்கை) குறையட்டும் என்று யாருக்கும் காத்திருப்பதும் கிடையாது.

சின்னவளைத் தனியார் லேபுக்குக் கொண்டுபோய் எலிசா என்கிற எதிர்ப்புப் பொருள் சோதனை எடுத்துவிடாதீர்கள். ஒன்றரை வயது வரைக்கும் தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் கலந்திருக்கலாம், சாதாரண சோதனை அதைப் பிடித்துக்கொண்டு பாசிட்டிவ் என்று காட்டிவிடும். அப்படி ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடே எழவு வீடாகக் கிடந்து, கடைசியில் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை என்று ஆனதைப் பார்த்திருக்கிறேன். தேடவேண்டியது கிருமியையே. அதற்கு நம்பிக்கை மையத்தில் ஒரு தடித்த அட்டையில் ரத்தச் சொட்டு எடுப்பார்கள். அட்டையில் ஐந்து வட்டம் இருக்கும். குழந்தையின் காலைக் கதகதப்பாகத் தேய்த்துவிட்டு, இந்த எடைக்குக் கால் பெருவிரலில் குத்துவார்கள், பிறந்த குழந்தை என்றால் குதிகாலில். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே சொட்டு விழுந்து வட்டம் நிறைய வேண்டும், சொட்டின் மேல் சொட்டு வைக்கக் கூடாது. வெயில் படாமல் உலர வைத்து பி.சி.ஆர். செய்கிற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை ஊரைக் கூட்டும், உங்கள் தங்கையும் கூடவே அழுவாள். மடியில் வைத்துக்கொள்ள உங்கள் அம்மாவைக் கூட்டிப்போங்கள். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும். பாசிட்டிவ் என்று வந்தால் உறுதிசெய்ய இன்னொரு அட்டை எடுத்துவிட்டு, அந்த இரண்டாவது முடிவுக்குக் காத்திருக்காமலே மருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

பாலைத் திடுமென்று நிறுத்துவதா, தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு யோசனையும் வேண்டாம். எச்.ஐ.வி. மருந்து (ஏ.ஆர்.டி.) கொடுக்கிற மையத்து மருத்துவரிடம் இதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். குழந்தைக்குத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதையும் அவரே சொல்வார். உங்கள் தங்கை மாத்திரை ஆரம்பிப்பது குழந்தையையும் காக்கும். டிபி மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி.யும் தொடங்குவதுதான் இப்போதைய முறை.

பெரிய பிள்ளைகளுக்கு அந்தத் தாய் சேய் நல அட்டை உண்மையிலேயே நல்ல சேதிதான், மறைக்கமாட்டேன். சின்னவள் வயிற்றில் இருந்தபோது தாய் நெகட்டிவ் என்றால், அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே பிறந்து பால் மறந்த இரண்டு பேருக்கும் தாய் வழியாக வந்திருக்க வழியில்லை. ஆனால் எனக்கு அந்த அட்டை மேல் முழு நம்பிக்கை வரவில்லை. காரணம் சொல்கிறேன். தங்கைக்கு சி.டி.4 எடுப்பார்கள். அது மிகவும் குறைந்திருந்தால் கிருமி நேற்று முன்தினம் வந்ததாக இருக்காது. உடம்பை அந்த அளவுக்குக் கரைக்க அதற்குப் பெரும்பாலும் பல வருஷம் வேண்டும். அப்போது, அட்டையில் ஏறியது சரியான முடிவுதானா என்றே கேட்கவேண்டி வரும். மாப்பிள்ளைக்கு எப்போது வந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. இத்தனை சந்தேகத்தையும் முழங்கையில் எடுக்கிற ஒரு ஊசி ரத்தம் தீர்த்துவிடும். ஒன்றரை வயது தாண்டியவர்களுக்குப் பெரியவர்களுக்குச் செய்கிற அதே ரேபிட் சோதனைதான், பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நாங்கள் ஒரு பாசிட்டிவ் தாய் உட்கார்ந்ததும் ஒரு தாளில் குடும்பப் படம் போடுவோம். அம்மா, அப்பா, பெற்ற பிள்ளைகள் எல்லோரும், வயது, இப்போது எங்கே இருக்கிறார்கள், எச்.ஐ.வி. பார்த்தாயிற்றா. "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் வீட்டில் இருக்கிற பிள்ளைகளை மட்டும்தான் சொல்வார்கள். அதனால் "எத்தனை பிரசவம்?" என்று கேட்பேன். அப்போதுதான் ஆச்சி வீட்டில் வளர்கிறவள், ஹாஸ்டலில் இருக்கிறவன், முதல் கல்யாணத்தில் பெற்ற பையன், தத்துக் கொடுத்தது, இறந்துபோனது எல்லாம் வெளியே வரும். இறந்த குழந்தை எப்படி இறந்தது என்பதும் அந்தத் தாளில் ஒரு வரி. விட்டுப்போகிற பிள்ளை எப்போதும் வேறு வீட்டில் வளர்கிற பிள்ளைதான். உங்கள் பெரியவள் அம்மா வீட்டில் வளர்கிறாள் என்று படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவள்தான்.

14 வயதுப் பெண்ணிடம் "சத்து ஊசி" என்று பொய் சொல்லாதீர்கள். நெட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் உங்கள் யாரையும் நம்பமாட்டாள். அம்மாவே சொல்வதுதான் நல்லது, கவுன்சிலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். ஒன்பது வயதுக்காரனுக்கு "அம்மாவுக்கு ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு, வீட்டில் எல்லாருக்கும் பார்க்கிறோம்" என்பது போதும். பையன்கள் ஊசி வலிக்குமா என்றுதான் கேட்பார்கள். மைனர் பிள்ளைகளுக்கு அம்மா கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள், அதனால் உங்கள் தங்கையை மிரட்டி ஒன்றும் ஆகாது. "பிள்ளைகளை இழுக்காதே" என்று அவள் சொல்வது பயத்தில். பாசிட்டிவ் என்று வந்தால் தன்னால்தான் வந்தது என்று ஆகிவிடுமே என்கிற பயம். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச அந்தக் கவுன்சிலருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

மாப்பிள்ளைக்கு நுரையீரல் டிபி இருந்ததால் மூன்று பேருக்கும் டிபியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்கும் என்று தயங்கினால் ஈரோடு, சேலம், நாமக்கல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். 2004இல் இலவச மருந்து ஆரம்பித்த புதிதில் தாம்பரம் சானடோரியத்துக்கு ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே போனவர்களை எனக்குத் தெரியும். இப்போது பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிட்டாலும் இடம் சொல்வார்கள், காசு கிடையாது.

உசிலைக்காரி:

செவ்வந்தி அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன் அண்ணா. "நன்றாகத்தான் இருக்கிறான்" என்பதை நம்பாதீர்கள்.

நான் பாசிட்டிவ். இரண்டாவது பிரசவத்தின்போது தெரிந்தது. பிறந்த குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் இருக்க நெவிரபின் சிரப் கொடுத்தார்கள், ஒன்றரை வயதில் கடைசிச் சோதனை வரை பார்த்து நெகட்டிவ் என்று சொன்னார்கள். எல்லாரும் அந்தக் குழந்தையையே பார்த்தோம். மூத்தவன் என் அம்மாவிடம் வளர்ந்தான். அவனைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவனும் பள்ளிக்கூடம் போனான், கிணற்றில் குதித்து நீச்சல் அடித்தான். காதில் அடிக்கடி சீழ் வரும், குளத்துத் தண்ணி என்பார் அம்மா. வகுப்பில் குள்ளம், அவங்க அப்பா வழி என்பார்கள்.

பதினொரு வயதில் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. அம்மா குயவரிடம் கூட்டிப்போய் செங்காவியில் அக்கி எழுதிவிட்டார். சிங்கம் வரைந்து, பையன் சட்டை போடாமல் திண்ணையில் படுத்திருந்தான். காய்ந்தது. நாலு மாதத்தில் அதே பையனுக்கு மறுபடி அக்கி. அப்போதுதான் தோல் டாக்டர் ஒருத்தர், "இந்த வயதில் இரண்டு தடவையா?" என்று கேட்டுவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

சில பிள்ளைகளுக்கு உடம்பில் கிருமி இருந்தும் பத்து வயது தாண்டி மெதுவாகத்தான் காட்டும் என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். மாத்திரை ஆரம்பித்தோம். இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான், தினமும் ராத்திரி எட்டரைக்கு அவனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான், நான் ஞாபகப்படுத்தினால்தான் கோபம் வரும். உயரம் மட்டும் கொஞ்சம் குறைவுதான், அது திரும்பி வரவில்லை.

உங்கள் தங்கையிடம் என் கதையைப் படித்துக் காட்டுங்கள். பாசிட்டிவ் தாய்க்கு மருந்தே இல்லாவிட்டாலும் பிறக்கிற நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் வருமாம், மீதிப் பேருக்கு வருவதில்லை. மருந்து இருந்தால் அஞ்சுக்கும் கீழே. சோதனைக்குப் போனாலே வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

கருப்புக்கோட்டு:

சட்டப் பக்கம் மட்டும். எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, பள்ளியில் சேர்க்க மறுக்கவோ தனியாக உட்காரவைக்கவோ கூடாது. தலைமை ஆசிரியரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. நல்ல மனதோடு சொல்லப்போய் ஊருக்கே தெரிந்த கதைகள் உண்டு.

யாரும் கேட்காத ஒன்று: மாப்பிள்ளை பெயரில் காடோ வீடோ இருக்கிறதா? அப்பா இறந்து அம்மாவுக்கு நோய் என்றதும் பங்காளிகள் முதலில் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் சொத்தைக் காப்பாற்ற அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பத்திரங்களைப் பத்திரமாக வைக்கவும், சொத்து பறிபோனால் புகார் கொடுக்கவும் குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம். வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். படிப்புச் செலவுக்கு 2009இல் தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய அறக்கட்டளை இருக்கிறது, விவரம் நம்பிக்கை மையத்திலேயே கேளுங்கள்.

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் நன்றி. ஈரோட்டுக்குப் போய்வந்தோம்.

உசிலைக்காரி அம்மணி எழுதியதைத் தங்கை போனை வாங்கித் தானே படித்தாள். அக்கி எழுதிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடு, போலாம்" என்றாள்.

பெரியவளுக்கும் பையனுக்கும் நெகட்டிவ். செவ்வந்தி அக்கா சொன்ன மாதிரியே பையன் ஊசியைப் பற்றித்தான் கேட்டான். பெரியவள் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் மாத்திரைப் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சின்னவளுக்கு அட்டையில் சொட்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. நாக்குக்கு மருந்து கொடுத்தார்கள், பாலைப் பற்றி டாக்டரே சொல்லிவிட்டார். தங்கையின் சி.டி.4 குறைவாகத்தான் இருக்கிறது. தாய் சேய் நல அட்டையில் நெகட்டிவ் என்று இருக்கிற விஷயத்தை அந்தக் கவுன்சிலர் அம்மாவும் எழுதிக்கொண்டார். சின்னவளுக்கு நெகட்டிவ் என்று வந்தால் அதோடு முடிந்ததா அக்கா?

செவ்வந்தி:

முடியாது தம்பி. பால் குடிக்கிறவரை வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். ஒன்றரை வயது ஆகி, பால் மறந்து மூன்று மாதமும் கழிந்த பிறகு ஒரு கடைசிச் சோதனை உண்டு. அதுதான் இறுதி. நடுவில் கூப்பிடுகிற தேதிகளையும் விடாதீர்கள். ஊர் நோம்பி, தறியில் ஆள் இல்லை என்று ஒரு தேதி தள்ளினால் அடுத்ததும் தள்ளும். தேதியைப் பெரியவளிடம் கொடுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று தோன்றுகிறது.

பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் தப்பித்ததற்கு எனக்கும் சந்தோஷம்.

மழைக்கால்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் அத்தானுக்கு மட்டும் பாசிட்டிவ், அக்காவுக்கு நெகட்டிவ். நாலு வயதுப் பையன் இருக்கிறான். அவனுக்கும் எடுக்க வேண்டுமா?

செவ்வந்தி:

அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக வராது, அம்மா வழியாகத்தான் வரும். அதனால் அக்காவின் முடிவுதான் பையனுக்கும் பதில். ஆனால் ஒரு சோதனையோடு விடவேண்டாம். அத்தானோடு கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு மறுபடி எடுத்து, அதுவும் நெகட்டிவ் என்றால் பையனை விட்டுவிடலாம். வீட்டில் பால் குடிக்கிற குழந்தை வேறு இருந்தாலோ, அக்கா மாசமாக இருந்தாலோ உடனே மையத்தில் சொல்லுங்கள், அப்போது கணக்கு மாறும். அத்தான் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால் அவர் வழியாக அக்காவுக்கு வராது. அதுவரைக்கும் ஆணுறை கட்டாயம்.

அத்தானுக்கு முன்பு கல்யாணம் எதுவும் ஆகியிருந்ததா? இருந்தால் அந்த அம்மாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் யார் சொல்வது என்று கவுன்சிலரிடம் பேசச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் அழைத்துச் சோதிக்க அவர்களிடம் வழி இருக்கிறது.